எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊர் கேட்டவர்கள்

எங்கள் கொள்ளுத்தாத்தா மண்ணுக்குள் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் தன் சொந்த ஊரில் இல்லை என்று எழுதி வாங்கி வரும்படி கோலாரில் ஒரு குமாஸ்தா சொன்னார். செத்துப்போன ஆள் ஓரிடத்தில் இல்லை என்பதற்கு ஒரு காகிதம். அதை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசி அது. மொழி பார்த்து ராஜ்யங்களைப் பிரித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தான். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவன் அவன் ஒருவன்தான். அரசாங்க இலாகா ஒன்றில் ஆள் எடுத்தார்கள். எழுத்து வேலை, மேஜை, நாற்காலி. எல்லாம் சரியாக இருந்தது. இந்த மைசூர் ராஜ்யத்துக்காரன்தான் என்று ஒரு சர்டிபிகேட் மட்டும் வேண்டும் என்றார்கள்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது, தங்கச் சுரங்கத்துக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். அப்பா சுரங்கத்தில் துளை போடும் மெஷின் பிடித்தவர். அந்தத் தூசு நெஞ்சில் இறங்கி, தண்ணீர்க் குழாயிலிருந்து வீடு வரும் தூரத்துக்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அப்பன் நெஞ்சு கெட்டு வெளியே வந்தால் பிள்ளை உள்ளே போவான். மூத்தவன் நான் சில மாதம் இறங்கிப் பார்த்தேன். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கீழே விழுகிற மாதிரி இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வரும். அது பழகிவிடும் என்றார்கள், எனக்குப் பழகவில்லை. ஓடிவிட்டேன். லாரியில் கிளீனர், ஜோலார்பேட்டையில் பரோட்டாக் கடை, சிக்மகளூரில் காபித் தோட்டம் என்று கால் போன பக்கம் போனேன். பசி தாங்காதபோது வீட்டுக்கு வருவேன். ஆகவே அடுத்த முறை தம்பிக்கு. "சின்னவனை எப்ப அனுப்பற?" என்று ஷிப்ட் மேஸ்திரி அப்பாவைக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

அம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "சின்னவன் கேஜ்ல ஏறக்கூடாது."

கோலாருக்கு அப்பாவும் தம்பியும் நானும் போனோம். விண்ணப்பத்தில் பூர்வீக ஊர் என்ற இடத்தில், ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தின் பெயரை அப்பா எழுதச் சொல்லியிருந்தார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கள் சின்ன வயதில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. அங்கே நமக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, உன் கொள்ளுத்தாத்தா ஒரு பஞ்சத்தில்தான் கிளம்பி வந்தார், இல்லாவிட்டால் நாமெல்லாம் இந்தத் தட்டி வீட்டில் ஏன் கிடக்கப்போகிறோம் என்பார். பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை வந்தால்கூட, "நாங்க ஊரு உள்ளவங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கொள்ளுத்தாத்தாவின் பெயரைத்தான் தம்பிக்கும் வைத்திருந்தார்.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பென்சிலால் அந்த ஊர்ப் பெயரைத் தட்டிக் காட்டி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஏனப்பா, இதை எதுக்கு எழுதினே? இது மதராஸ் ராஜ்யம். பூர்வீகம் இங்கேதான்னு எழுது, முடிஞ்சது."

"எங்க ஊரு அதுங்க சார்."

"பொறந்தது?"

"நானும் எங்கப்பாவும் மாரிகுப்பங்க. ஆனா ஊரு அதான்."

"அப்போ அங்கேயே போய் வேலை கேளு."

"பொய் எழுத மாட்டேன் சார். பாட்டன் பொறந்த ஊரை எப்பிடி இல்லன்னு எழுதறது?"

குமாஸ்தா தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னார். கொள்ளுத்தாத்தா அந்தக் கிராமத்தை விட்டுப் போய்விட்டார், திரும்பி வரவில்லை, அங்கே அவருக்கு எதுவும் இல்லை என்று கிராம மணியக்காரரிடம் எழுதி வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

மூன்று தலைமுறையாக இந்த ஊரில் மண்ணுக்கடியில் வேலை செய்தவர்கள் நாங்கள். வெட்டியெடுத்த தங்கம் எந்த ராஜ்யத்துக்குப் போனது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. எங்களைத்தான் எந்த ராஜ்யம் என்று கேட்டார்கள். வெளியே வந்து நான் இதைச் சொன்னபோது அப்பா, "கவர்மெண்ட்னா நாலும் கேப்பாங்க. நீ சும்மாதான சுத்தற, ஒரு வேலையா சுத்திட்டு வா" என்றார்.

கிளம்புவதற்கு முன் அப்பா என்னைக் கொள்ளுத்தாத்தாவின் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண் மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் இடுகாடு. கொள்ளுத்தாத்தா சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர். அப்போது என் தாத்தா தவழ்கிற பிள்ளை. பெற்றவளும் அடுத்த காய்ச்சலில் போய்விட்டாளாம். கொள்ளுத்தாத்தாவோடு வேலை செய்த கூட்டாளிகள்தான் அவரைப் புதைத்து ஒரு கல்லை நட்டார்கள். அந்தக் கல்லில் பெயர் இல்லை. பில்லை நம்பர் மட்டும் வெட்டியிருக்கும். பில்லை என்பது சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் கையில் கொடுக்கிற பித்தளை வட்டு. ஏறி வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் உள்ளே கிடக்கிறான் என்று அர்த்தம். எங்களிடம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இருந்த ஆதாரங்கள் இரண்டுதான்: சுரங்க ஆபீஸ் புத்தகத்தில் அந்த நம்பருக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆளைச் சேர்த்த மேஸ்திரி என்று எழுதியிருந்த வரி, அப்புறம் இந்தக் கல்.

"ஏன் நைனா பேரை வெட்டல?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"எழுத்து தெரியாத ஜனம். நம்பருன்னா பில்லையைப் பாத்து வெட்டிடலாம்."

அன்றும் கல்லுக்குக் கற்பூரம் காட்டி, "உன் ஊருக்குத்தான் போறான், கூட இரு" என்றார்.

தங்கவயலில், எங்கள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, ஆம்பூரில் இறங்கினேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு ரயிலில் போனது எனக்கே புதுசாக இருந்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் நடந்து அக்கரை ஏறினால் வேர்க்கடலைக் கொல்லை, அதைத் தாண்டி ஊர். முனையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டேன்.

கடைக்காரர் கிளாஸில் டீயை ஆற்றிக்கொண்டே, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"தங்கவயல்."

"இங்க யாரு வூட்டுக்கு?"

கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அவர் கை நின்றது. ஆற்றின டீயைப் பாத்திரத்திலேயே திருப்பி ஊற்றினார். தட்டியில் செருகியிருந்த ஒரு தகர டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் கடைக்கு வெளியே ஒரு கல்லின் மேல் வைத்தார். "அவுங்க வூடெல்லாம் அந்தாண்ட சேரில. எந்திரிச்சி வெளிய போயி குடி."

எங்கள் தங்கவயலில் எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். துரைமார் கிளப்பில் கூட்டிப் பெருக்கத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். ஆனால் பஜாரில் எந்த டீக்கடையிலும் எனக்கென்று ஒரு டம்ளரைத் தட்டியில் செருகி வைத்ததில்லை. அந்த டீயை அந்தக் கல்லின் மேலேயே கவிழ்த்துவிட்டு நடந்தேன். அப்பா வாழ்நாளெல்லாம் பீற்றிக்கொண்ட ஊர் இதுதானா என்று நடக்க நடக்கக் கோபம் ஏறியது.

மணியக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் பேச முடிந்தது. நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"போனவன் திரும்பி வரலன்னு எழுதணுமா? அவன் திரும்பி வந்துட்டானேய்யா. எங்கப்பா காலத்துல இங்கதான் ஏர் ஓட்டினான். பேரன் இருக்கான், போய்ப் பாரு."

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துச் சேரிக்குப் போனேன். பேரன் என்றவர் என் அப்பாவைவிடப் பெரியவர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்தவர். கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னேன், அந்தப் பெயருடையவரின் கொள்ளுப்பேரன் என்றேன்.

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏ, இங்க வந்து பாரு. எங்க தாத்தனுக்குத் தங்கவயல்ல ஒரு குடும்பம் கீதாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "உங்க தாத்தன் செஞ்சாலும் செஞ்சிருப்பாரு. எத்தினி புள்ளைங்களாம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர், தகப்பன் பெயர், ஆளைச் சேர்த்த மேஸ்திரி எந்த ஊர்க்காரன், எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவர் முகத்திலும் சிரிப்புப் போய்விட்டது.

"எங்க தாத்தன் தங்கவயலுக்குப் போனது நெசம்பா. மேஸ்திரி வந்து பேரெழுதிக் கூட்டினு போனான். ஒரே ஒரு வாட்டி கேஜ்ல எறங்கிட்டு, மேல வந்ததும் பில்லையை மேஸ்திரி வூட்டு மாடத்துல வெச்சிட்டு, ரயில் ரோட்டைப் புடிச்சி நடந்தே வந்துட்டாரு. சாவற வரைக்கும் சொல்லுவாரு, மண்ணுக்குள்ள போறதுக்கு செத்த பொறவு எம்மாம் நேரம் கீது, உசுரோட எதுக்குடா போவணும்னு."

"மேஸ்திரி தேடி வரலியா?"

"அதான் அவருக்கே ஆச்சரியம். வந்து கட்டி இழுத்துனு போவான்னு கொல்லையிலயே படுத்துனு இருந்தாராம். யாரும் வரல."

யாரும் ஏன் வரவில்லை என்பது அங்கே நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்மகளூர்த் தோட்டத்தில் நான் சேர்ந்தபோது காய்ச்சல் வந்து ஓடிப்போன ஒருவன் பெயர் பட்டியலில் இருந்தது. அதை அடித்து எழுதினால் மேனேஜர் கேள்வி கேட்பார் என்று, "இந்தப் பேரைக் கூப்பிட்டா நீ ஆங்னு சொல்லு" என்றார் மேஸ்திரி. அந்தக் காபிப் பறிப்பு முடியும்வரை நான் அவன்தான். தோட்டத்துச் சமையல்காரி இன்றைக்கும் என்னை அந்தப் பெயரால்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். ஆள் ஓடினால் மேஸ்திரிக்கு அவமானம். பட்டியலில் ஓட்டை விழக்கூடாது. லைன் வாசலில் வேலைக்காக நின்றிருந்த ஏதோ ஒருவனைப் பிடித்து, கையில் பில்லையைக் கொடுத்து, இனிமேல் இதுதான் உன் பெயர், இதுதான் உன் ஊர் என்று சொல்லியிருப்பான். அந்த ஏதோ ஒருவன்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா.

நான் எதுவும் சொல்லாமலே அவரும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

"அப்போ எங்க தாத்தன் பேருல உங்காளு உள்ள போயிக்கீறாரு."

"ஆமா."

"எப்பிடி செத்தாரு?"

"பாறை வெடிச்சி."

அவர் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார். பிறகு, "எங்க தாத்தன் கட்டில்லதான் செத்தாரு. பேரனுங்க பால் ஊத்தினோம்" என்றார். மனைவியைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். கோபத்தோடு உட்கார்ந்தேன். யார் மேல் கோபம் என்று அப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓடிவந்தவர் மேல் இல்லை. நானும் அதே கேஜிலிருந்து ஓடியவன்தான். ஒரு மனிதனின் தாய் வைத்த பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கணக்குச் சரியாக இருக்கிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டு போயிருப்பானே ஒருவன், அவன் மேல் கோபம். அந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பின ஆபீஸின் மேல் கோபம். அவர்களுக்குத் தேவை பாறையை உடைக்க இரண்டு கை. எவன் கையானால் என்ன.

வீட்டுக்கு வந்து அத்தனையும் சொன்னேன். டீக்கடையையும் விடவில்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "பொய்" என்றார்.

"நான் எதுக்கு நைனா பொய் சொல்றேன்?"

"நீ சொல்லல. அவன் சொல்றான். நெலத்துல பங்கு கேட்டுடுவோம்னு பயந்துனு சொல்றான்."

"அவங்களுக்கே நிலம் கிடையாது. ஊரு ஆளுங்க நிலத்துல கூலிக்கு ஏர் ஓட்டினவங்க. கெணறும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்பா கையை ஓங்கினார். ஓங்கின வேகத்துக்கே இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா முதுகைத் தடவியபடி, "கல்லுல ஏன் நம்பரை வெட்டினாங்கன்னு இப்ப தெரிதா?" என்று கேட்டாள். கூட வேலை செய்தவர்களுக்கு அது அவர் பெயர் இல்லை என்று தெரியும். அவருடைய நிஜப் பெயர் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் அதை வெட்டினால் ஆபீஸ் கண்ணில் படும், மேஸ்திரி மாட்டுவான், அனாதையாகக் கிடக்கிற பிள்ளைக்குக் கம்பெனி கொடுக்கிற அரிசியும் நின்றுபோகும். பொய்ப் பெயரைக் கல்லில் வெட்டவும் அவர்களுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நம்பர். எழுத்துத் தெரியாத ஜனம் என்று அப்பா சொன்னாரே, அவர்கள்.

மறுநாளும் அப்பா அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தம்பி தயங்கித் தயங்கி, "நைனா, வேணாம்னா உடு. நான் மைன்லயே சேந்துக்கறேன்" என்றான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரு வேணுமா, புள்ள வேணுமா? சொல்லிடு. நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்துனு போறேன்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "கோலாருக்கு பஸ் எப்போ?" என்றார்.

அதே குமாஸ்தா. எங்களைப் பார்த்ததும், "பேப்பர் கிடைச்சதா?" என்றார்.

"கெடைக்கலிங்க. வேற பாரம் குடுங்க சார், புதுசா எழுதணும்."

தம்பி எழுத, அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். பூர்வீக ஊர் என்ற இடம் வந்தது. அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்காகவா வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

"மாரிகுப்பம்" என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்தார். "அன்னிக்குப் பொய் எழுத மாட்டேன்னே?"

"இன்னிக்கும் பொய் இல்லிங்க. எங்களுக்கு வேற ஊரு இல்ல. அன்னிக்குத் தெரியாது, இப்ப தெரிஞ்சிகிச்சி."

"சரி சரி. தாத்தாவோட அப்பா பேரு? அதையும் போடணும்."

தம்பியின் பேனா நின்றது. என் பெயரும் அதுதானே என்பதுபோல அவன் அப்பாவைப் பார்த்தான். பெயர் தெரியாது என்று சொன்னால் இந்த விண்ணப்பமும் போய்விடும். இருக்கிற பெயரைச் சொன்னால் அது பாலாற்றங்கரையில் கட்டிலில் செத்த ஒருவருடையது. இதையெல்லாம் கேட்க நீங்கள் யார் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அந்தப் பேரையே எழுது" என்று தம்பியிடம் சொன்னார். "மைன்ல ஒரு நாளு வெச்சிருந்தவன் உட்டுட்டுப் போயிட்டான். அந்தப் பேருக்கு ஒழைச்சது நம்மாளு. செத்ததும் நம்மாளு. எழுது."

குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பாரத்தை வாங்கி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சர்டிபிகேட் வந்தது. தம்பி வேலையில் சேர்ந்தான். ஷிப்ட் மேஸ்திரி அப்பாவிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டார். நான் மறுபடியும் லாரி ஏறினேன். அப்பா அதற்குப் பிறகு அந்தக் கிராமத்தின் பெயரை வாயால் சொன்னதில்லை. தண்ணீர்ச் சண்டையில்கூடச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி வாய்க்கு வந்தபடி பேசினால் குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே வந்துவிடுவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காகிதத்துக்காக ஒரு கிழவனிடமிருந்து ஒரு ஊரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது அவருடைய ஊர் இல்லை, அங்கே அவருக்கு ஒழுங்கான டம்ளரில் டீகூடக் கிடைத்திருக்காது. இருந்தாலும் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

புரட்டாசி அமாவாசைக்குத் தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். கல்லுக்குப் படையல் வைக்கப் போனோம். கல்வெட்டுகிற ஆளைக் கூட்டிவரட்டுமா, நம்பருக்குக் கீழே பெயரையும் வெட்டிவிடலாம் என்று அவன் கேட்டான்.

அப்பா குனிந்து, மேட்டிலிருந்து காற்றில் வந்து படிந்திருந்த சயனைட் மண்ணைத் துண்டால் துடைத்தார்.

"அது ஆபீசுக்கு எழுதின பேருடா. இங்க உள்ளவருக்கு அது தன் பேரு இல்லன்னு தெரியும்" என்றார். "எலையைப் போடு."